ரோல்பேக்கும் ஒரு கடைவாய்ப்பல்லும்

கண் மூடித் திறப்பதற்குள் முடிய வேண்டிய வேலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பல் மருத்துவமனையின் நோயாளி விவரங்களைக் கம்ப்யூட்டரில் கவனித்துக்கொள்ளும் டேட்டாபேஸ்காரர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், தான் எழுதியிருந்த கட்டளையை இன்னொரு முறை படித்தார். யாருக்கு, எந்த வாரம் என்ற இரண்டையும் எழுத மறந்துபோயிருந்தார்.

பெரிய டாக்டரம்மா அடுத்த வாரம் ஒரு மாநாட்டுக்குப் போகிறார். அந்த வாரம் அவரிடம் நேரம் வாங்கியிருந்தவர்களை ஒரு வாரம் தள்ளிப்போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. இவர் விவரம் சொல்லாமல் விட்டதால் கம்ப்யூட்டர், அந்தப் பல் மருத்துவமனை தொடங்கிய நாளிலிருந்து அதன் எல்லாக் கிளைகளிலும் வாயைத் திறந்த அத்தனை பேரையும் ஒரு வாரம் தள்ளிக்கொண்டிருந்தது. பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனவர்கள், பல்செட் கட்டிக்கொண்டவர்கள், பல்லோடு உலகத்தை விட்டே போய்ச் சேர்ந்தவர்கள் என்று ஒருவரையும் அது விட்டுவைக்கவில்லை.

சாதாரணமாக டேட்டாபேஸ்காரர் இப்படிச் செய்கிற ஆள் இல்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டை நான்கு முறை இழுத்துப் பார்க்கிற மனிதர். இன்று கை தவறியதற்குக் காரணம், கட்டளையைத் தட்டிய கையோடு வாசலுக்கு ஓட வேண்டியிருந்ததுதான். மாமனார் வந்திருந்தார்.

மாமனார் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். அரிவாளோடு நின்றவனை வெறுங்கையோடு பிடித்தவர் என்று வீட்டில் கதை கதையாகச் சொல்வார்கள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் டேட்டாபேஸ்காரரை 'நீ' என்றதில்லை, 'நீங்க' என்றதும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்தைக் கண்டுபிடித்து அதிலேயே போய்வந்துகொண்டிருந்தார். "சாப்பிட்டாச்சா?" "கிளம்பியாச்சா?" "மழை வரும்போல, குடை எடுத்தாச்சா?" அவ்வளவுதான் பேச்சு. மாப்பிள்ளை என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இவர் அவர் பார்த்த மாப்பிள்ளை இல்லை, மகள் தானே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை. மருமகன் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "ஏதோ கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்காரு" என்பார். அந்த 'ஏதோ'வை எப்படியாவது அழித்துவிட வேண்டும் என்பதுதான் டேட்டாபேஸ்காரரின் வாழ்க்கையில் இருந்த ஒரே பெரிய ஆசை.

அப்படிப்பட்டவர் கடைவாய்ப்பல் வலி தாங்காமல், மகள் பிடுங்கிய பிடுங்கலில், மருமகன் வேலை செய்கிற இடத்துக்கே வந்திருந்தார். அவரை வாசலில் காவலாளியிடம் அறிமுகம் செய்து, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் அறிமுகம் செய்து, மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி பார்த்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் இந்தக் கூத்து.

டேட்டாபேஸ்காரர் வேலையைப் பாதியில் நிறுத்தினார். நிறுத்தினால் முடிந்துவிடாது. தள்ளிப்போட்ட ஒவ்வொரு ஆளையும் கம்ப்யூட்டர் மறுபடி பழைய தேதிக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பெயர் ரோல்பேக். அது முடிகிறவரை யாருடைய விவரத்தையும் யாரும் திறக்க முடியாது.

மேஜையில் இருந்த போன் அடித்தது. வரவேற்புப் பெண்.

"சார், திரை அப்படியே நிக்குது. யார் பேரைத் தட்டினாலும் சுத்திக்கிட்டே இருக்கு."

"கொஞ்ச நேரம் ஆகும்மா. ஒண்ணையும் தட்டாதீங்க."

"நான் தட்டல சார். கிளையிலேர்ந்து எல்லாரும் தட்டிட்டு, அப்புறம் எனக்கு போன் போட்டுக் கேக்கறாங்க."

"பேஷன்ட்டை எல்லாம் அப்படியே பார்க்க முடியாதா?"

"பெரிய டாக்டர் மாட்டேங்கறாங்க சார். எக்ஸ்ரே படத்தைப் பார்க்காம, எந்த மருந்து ஒத்துக்காதுன்னு தெரியாம ஊசியைக் கையில எடுக்க மாட்டாங்களாம்."

டாக்டரம்மா சொல்வது நியாயம். நியாயமாக இல்லாமல் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

டேட்டாபேஸ்காரர் கூடத்துக்கு ஓடிவந்து பார்த்தார். ஜனம் நிரம்பியிருந்தது. கன்னத்தில் கைவைத்தவர்கள் ஒரு பக்கம், கைக்குட்டை கட்டியவர்கள் ஒரு பக்கம். மாமனார் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கன்னம் நன்றாக வீங்கியிருந்தது. பக்கத்து அறையில் ஏற்கெனவே பாதிச் சிகிச்சையில் இருந்த ஒருவருக்கு மெஷின் 'கிர்ர்' என்று ஓட, அவர் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"மாமா, கொஞ்சம் தாமதமாகும். மன்னிச்சுக்கணும்."

"எனக்கென்ன அவசரம்?" என்றார் மாமனார். "மெதுவா ஆகட்டும்."

இப்படிப் பொறுமையாக அவர் பேசி இவர் கேட்டதில்லை. அந்தத் தைரியத்தில் அறைக்குத் திரும்பினால், அங்கே மேனேஜர் கையைத் தட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் தன் வீட்டு டிவியையும் மிக்ஸியையும் அணைத்து ஏற்றியே சரிசெய்தவர். உலகத்தில் எதற்கும் அதுதான் மருந்து என்று நம்புகிறவர்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்ப்பா. இனிமே பறக்கும் பாரு."

டேட்டாபேஸ்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சார்... அது திரும்பிக்கிட்டிருந்துச்சு சார். நடுவுல அணைச்சா, எழுந்ததும் நடந்ததையெல்லாம் முதல்லேர்ந்து ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டுத்தான் மறுபடி திரும்பவே ஆரம்பிக்கும்."

"இதை முன்னாடியே சொல்றதில்ல?"

"நான் ரூம்ல இல்லையே சார்."

"அதான் சொல்றேன், ரூம்ல இருக்கணும்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார்.

ரூமில் இருந்து செய்வதற்கும் ஒன்றும் இல்லை. ரோல்பேக் ஓடும்போது தெரிந்தவன் செய்ய வேண்டிய ஒரே வேலை, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது. சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது சும்மா இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். டேட்டாபேஸ்காரர் மறுபடி கூடத்துக்கு வந்து மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன கோளாறு?" என்று கேட்டார் மாமனார்.

டேட்டாபேஸ்காரர் தன் காதையே நம்பவில்லை. ஆறு வருஷத்தில் அவருடைய வேலையைப் பற்றி அந்த வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அது. மடமடவென்று எல்லாவற்றையும் சொன்னார். மாமனார் கண் இமைக்காமல் கேட்டார்.

"அதாவது, திருடினவனே வீடு வீடாப் போய், எடுத்த பொருளை எடுத்த இடத்துல திருப்பி வைக்கிறான்."

"அதேதான் மாமா! இவ்வளவு அழகா எனக்கே சொல்ல வராது."

"எல்லா வீட்டுலயும் வெச்சு முடிக்கிறவரைக்கும் தெருவுல யாரும் நடமாடக்கூடாது."

"ஆமா மாமா."

"டாக்டரும் பல்லுல கை வைக்க முடியாது."

"முடியாது மாமா."

மாமனார் சற்று யோசித்தார். "சரி, திருப்பி வைக்கிறவனை நடுவுல புடிச்சு உள்ள தள்ளிட்டா?"

"அதைத்தான் மேனேஜர் இப்போ பண்ணினாரு. வெளிய வந்ததும் முதல் வீட்டுலேர்ந்து கணக்குப் பார்ப்பான். இன்னும் லேட்டாகும்."

"சுவிட்சை அணைச்சாலே போதுமா?"

"அது போதும் மாமா, குடி முழுகிடும். கம்ப்யூட்டர் ரூமுக்குன்னு மாடிப்படிக்குக் கீழ தனியா ஒரு மெயின் இருக்கு. நல்லவேளை, மேனேஜருக்கு அது தெரியாது."

"பேட்டரி ஏதாவது வெச்சிருப்பாங்களே?"

"செத்துப்போச்சு மாமா. புதுசு கேட்டா, கரண்ட்தான் போறதே இல்லையே, எதுக்குன்னு சொல்லிட்டாங்க."

மாமனார் தலையை மெல்ல ஆட்டினார். ஒரு வழக்கைக் கேட்டுக்கொள்கிற கவனம் அந்த முகத்தில் இருந்தது. பிறகு மருமகனின் முழங்கையைத் தொட்டு, "பெரிய வேலைதான் பார்க்கறீங்க மாப்பிள்ளை" என்றார்.

டேட்டாபேஸ்காரர் எழுந்து போய்க் குடிதண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் நின்று மனைவிக்கு போன் செய்தார்.

"உங்கப்பா என்னை மாப்பிள்ளைன்னு கூப்பிட்டாரு."

"பல் வலியில உளறியிருப்பாரு."

"இல்லடி, நல்ல நினைவோடதான். பெரிய வேலைன்னும் சொன்னாரு."

"நிஜமாவா?" என்று கேட்டபோது அவள் குரல் கம்மியிருந்தது. பிறகு சமாளித்துக்கொண்டு, "அதெல்லாம் இருக்கட்டும், பல்லை எடுக்காம அவரை வெளிய விட்டுடாதீங்க. இதோட மூணாவது ஆஸ்பத்திரி. ஒரு இடத்துல கூட்டமாம், இன்னொரு இடத்துல டாக்டர் ரொம்பச் சின்னப் பையனாம். வலியில நேத்துப் பூரா கஞ்சிதான்" என்றாள்.

"என் உயிரைக் கொடுத்தாவது எடுத்துடறேன்."

"உயிரெல்லாம் வேண்டாம், பல்லு போதும்."

மத்தியானம் நெருங்கும்போது திரையில் முக்கால்வாசிக்கு மேல் திரும்பிவிட்டதாகக் காட்டியது. டேட்டாபேஸ்காரர் கால் தரையில் பாவாமல் ஓடிவந்தார்.

"மாமா, இன்னும் கொஞ்ச நேரம்தான்! முடிஞ்சதும் முதல் ஆளா உங்களைத்தான் கூப்பிடச் சொல்லியிருக்கேன்."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்" என்றார் மாமனார். மேல்துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஒரே புழுக்கமா இருக்கு. அப்படியே வாசல் பக்கம் காத்து வாங்கிட்டு வந்துடறேன்."

இவர் அறைக்குத் திரும்பி நாற்காலியில் உட்காரவும் விளக்கு அணைந்தது. கம்ப்யூட்டர் ஒரு முனகலோடு அடங்கியது. உடனே வெளிச்சம் வந்துவிட்டது. ஆனால் போனது போனதுதான்.

மாடிப்படிக்குக் கீழே ஓடிப்போய்ப் பார்த்தார். மெயின் சுவிட்ச் ஏறியே இருந்தது. பக்கத்தில் காவலாளியின் நாற்காலி காலியாகக் கிடந்தது, அவர் கேட்டில் கார்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அப்படியானால் ஒயரில்தான் கோளாறு. மேனேஜரிடம் போனார். எலக்ட்ரீஷியன் நாளைக்குத்தான் வருவார் என்றார் மேனேஜர். கூடவே, "உன்னைவிட உன் ஒயர் மோசம்" என்றும் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் மாமனார் எதிரே வந்தார். மூச்சு வாங்கியது.

"என்ன மாப்பிள்ளை, மறுபடியுமா?"

"மறுபடியும் மாமா. முதல்லேர்ந்து."

"அடடா" என்றார் மாமனார். அவர் முகத்தில் இவ்வளவு அனுதாபத்தை டேட்டாபேஸ்காரர் பார்த்ததே இல்லை. "மனசை விட்டுடாதீங்க. நல்ல வேலைக்கு நாலு தடங்கல் வரத்தான் செய்யும்."

டேட்டாபேஸ்காரருக்கு ஒரு யோசனை தோன்றியது. ரூமை விட்டு இனி நகர முடியாது. நம்பி ஒரு வேலை சொல்ல ஆள் வேண்டும். போலீஸ்காரரைவிட நம்பிக்கையான ஆள் யார்?

"மாமா, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா ஒரு உதவி. அந்தக் காவலாளிகிட்ட, நான் சொல்லியனுப்பினேன்னு சொல்லி, மெயின் பக்கத்துலேர்ந்து நகர வேண்டாம்னு சொல்றீங்களா? என் வார்த்தை இல்லாம யாரும் அதைத் தொடக்கூடாது."

"உங்க வார்த்தை இல்லாம தொடக்கூடாது" என்று திருப்பிச் சொன்னார் மாமனார். "நான் பார்த்துக்கறேன் மாப்பிள்ளை. நீங்க உள்ள போங்க."

உள்ளே உட்கார்ந்திருந்தாலும் கூடத்துச் சத்தம் காதில் விழுந்தது. வலி தாங்காத ஒருவர் எகிறிக்கொண்டிருந்தார். "காலைலேர்ந்து உக்காந்திருக்கோம், உள்ள என்னதான் கிழிக்கறாங்க?"

அதற்கு மேல் ஒரு குரல் கணீரென்று எழுந்தது. போலீஸ் குரல். வீங்கிய கன்னத்தின் வழியாக வந்ததால் கொஞ்சம் கொழகொழத்தாலும் கம்பீரம் குறையவில்லை.

"உள்ள வேலை பார்க்கறது என் மாப்பிள்ளை. இது அவசரத்துல பண்ற வேலை இல்ல. சாயங்காலம் ஆனாலும் சரி, நாளைக்கு ஆனாலும் சரி, அவரை யாரும் விரட்டக்கூடாது. புரியுதா?"

கூடம் அடங்கிப்போனது. டேட்டாபேஸ்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெற்ற அப்பாகூட இவருக்காக இப்படி நாலு பேர் முன்னால் பேசியதில்லை. மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை, பசியும் தெரியவில்லை.

இந்த முறை ரோல்பேக் வேகமாகவே திரும்பியது. கடைசிப் பகுதிக்கு வந்ததும் வரவேற்புப் பெண்ணுக்கு போன் செய்தார். "தயாரா இரும்மா. என் மாமாகிட்டயும் சொல்லிடு."

"இதோ, சொல்லிடறேன் சார். சார், சொல்லிட்டேன். எழுந்துட்டாரு பாவம், அந்தப் பக்கமா வேகமாப் போறாரு. டாக்டர் ரூம் இந்தப் பக்கம்னு சொல்லணும்போல."

டேட்டாபேஸ்காரர் சிரித்துக்கொண்டே போனை வைத்தார். விளக்கு அணைந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கு பிடிக்கவும் முடியவில்லை. வெளிச்சம் வந்தபோது மேனேஜர் கதவருகே நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"ரெண்டாவது தடவை! கிளையிலேர்ந்தெல்லாம் என்னைத் திட்டறாங்க. நான் வெளியிலேர்ந்து ஆள் கூப்பிடப் போறேன். உன்னை..."

அவர் முடிப்பதற்குள் பின்னால் மாமனார் வந்து நின்றார். சட்டையெல்லாம் வியர்வை.

"தம்பி, ஒரு நிமிஷம்" என்றார் மேனேஜரிடம். "இதுல என் மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. நான் சத்தியமே பண்ணுவேன்."

அந்தக் குரலைக் கேட்டு மேனேஜர் ஒரு அடி பின்வாங்கினார். "பல் வலியில இருக்கற நீங்களே பொறுமையா இருக்கும்போது..." என்று இழுத்துவிட்டு நழுவினார்.

"மாமா," என்றார் டேட்டாபேஸ்காரர். "உங்களுக்கு இவ்வளவு வலி. என்னால காலைலேர்ந்து தவிக்கிறீங்க. ஆனா ஒரு வார்த்தை குறை சொல்லல. இதை நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன்."

மாமனார் அவரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மருமகன் தோளில் கைவைத்து, "நல்ல பையன்யா நீ" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பிப் போனார். அவர் கண்ணும் கலங்கியிருந்ததுபோல் இருந்தது.

மூன்றாவது முறை ரோல்பேக் ஆரம்பித்தபோது டேட்டாபேஸ்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். ஒவ்வொரு தடவையும் முடியப்போகிறது என்று வாயால் சொன்ன உடனேதான் கெடுகிறது. படித்தவர், விஞ்ஞானம் தெரிந்தவர், இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை. இருந்தாலும் வாயை இறுக மூடிக்கொண்டார். வரவேற்புப் பெண் கேட்டதற்கு, "ஆகும், ஆகும்" என்றார். மேனேஜர் கேட்டதற்குத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். மாமனார் இரண்டு முறை வந்து, "எவ்வளவு தூரம் வந்திருக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டார். "இன்னும் நிறைய இருக்கு மாமா, நீங்க நிம்மதியா உக்காருங்க" என்று சொல்லிவிட்டார். மாமனார் நிம்மதியாகத்தான் உட்கார்ந்தார். கொஞ்சம் கண் அயர்ந்ததாகவும் சொன்னார்கள்.

வெயில் சாய்கிற நேரத்தில் திரையில் கடைசி வரி வந்தது. எல்லாரும் அவரவர் பழைய தேதிக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். டேட்டாபேஸ்காரர் ஒரு முறைக்கு நான்கு முறை சரிபார்த்தார். இனி யார் எதை அணைத்தாலும் கவலையில்லை. நாற்காலியில் சாய்ந்து, அன்றைக்கு முதல் தடவையாக மூச்சை முழுசாக விட்டார்.

வெளியே வந்து சொன்னதும் கூடமே கை தட்டியது. மேனேஜர்கூட ஒரு தட்டுத் தட்டினார். பெரிய டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்து, "முதல்ல உங்க மாமாவை வரச் சொல்லுங்க. நாள் பூரா எல்லாரையும் அமைதியா உக்கார வெச்சதே அவர்தானாம்" என்றார். வரவேற்புப் பெண் மைக்கில் அறிவித்தாள்.

மாமனாரை மனைவிக்குக் கொடுத்த வாக்குப்படி கைத்தாங்கலாகத் தானே உள்ளே அழைத்துப்போக வேண்டும் என்று டேட்டாபேஸ்காரர் மின்விசிறி நாற்காலிக்குப் போனார். நாற்காலி காலியாக இருந்தது. தன்னைவிட வலியில் இருப்பவர்கள் முதலில் போகட்டும் என்று ஒதுங்கியிருப்பார். இன்றைக்கு அவர் காட்டிய பெருந்தன்மைக்கு அதையும் செய்யக்கூடிய மனிதர்தான்.

அப்போது வரவேற்பு மேஜையில் திரை உறைந்து நின்றது. உள்ளறையில் ஒரு விளக்கு அணைந்து எரிந்தது. கூடத்தில் எல்லாரும் ஐயோ என்றார்கள். டேட்டாபேஸ்காரர் மட்டும் சிரித்தார். "பயப்படாதீங்க, எல்லாம் பத்திரமா இருக்கு. ரெண்டு நிமிஷத்துல வந்துடும்."

மாடிப்படிப் பக்கமிருந்து காவலாளி வந்தார். டேட்டாபேஸ்காரரைப் பார்த்ததும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"சார், நீங்க மாமனார்கிட்ட சொல்லியனுப்பினபடி மூணு தடவையும் மெயினை அணைச்சு ஏத்திட்டேன், அடுத்த தடவை எனக்கே ஒரு போன் போட்டுடுங்க, பாவம், வீங்கின கன்னத்தோட அவரு ஓடி ஓடி வர்றாரு."